வியாழக்கிழமை வாசனை

"எப்பவும் போல இருங்கக்கா, அது போதும்" என்று ரிஸ்வானா போனில் சொன்னாள். "வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆள் வந்து பதிவு பண்ணிட்டுப் போயிடுவார். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

புதன்கிழமை காலையிலேயே நான் ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்றால் என் கை அப்படித்தான் போகும். திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டினேன். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வியாழன் மதியம் தரைக்கு மூன்று தரம் ஃபினாயில் போட்டேன். தலைக்குக் குளித்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சுங்குடிப் புடவையை உடுத்தி, ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்றரை மணிக்கு மூலை மூலையாகச் சாம்பிராணி காட்டினேன். நேயாவையும் விடவில்லை. காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் குளிப்பாட்டி, பவுடர் அப்பி, புது கவுனை மாட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் அறையின் நடுவில் நின்று பார்த்தாள். பிறகு தன் நீலச் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசற்கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்றரை வயது. வார்களைத் தானே சரியாக மாட்டிவிடுவாள்.

"எங்கடி கிளம்பிட்டே?" என்று கேட்டேன். வெளியே போக ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். "அங்கிள் வந்துட்டுப் போகட்டும், பார்க்குக்குப் போலாம்" என்றேன்.

வந்தவன் பெயர் எட்வின். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் ஓர் அலுமினியப் பெட்டி. அதிலிருந்து ஈரத்தாள் போன்ற வெள்ளைப் பட்டைகளை எடுத்து, சமையலறையில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று, என் தோளில் ஒன்று என்று பொருத்தினான். இரண்டு மணி நேரம் அவை அங்கேயே இருக்க வேண்டும். அதற்குள் நான் செய்து வைத்திருந்த கேசரியை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

"வீடு ரொம்ப நீட்டா இருக்கு மேடம்" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

நான் ஓர் இடைக்காப்பாளர். அரசாங்கத் தாள்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். உறையூரில் இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோரிடம் விட முடியாத சின்னக் குழந்தைகளை, அவர்களுக்கென்று நிரந்தரமாக ஒரு வீடு அமையும்வரை வைத்திருந்து அனுப்புவது இன்னொன்று. எட்டு வருடத்தில் ஏழு குழந்தைகள். நேயா ஏழாவது.

எங்களை அம்மா என்று கூப்பிடப் பழக்கக் கூடாது. அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். நாங்கள் தத்தெடுக்கவும் முடியாது. "முடியும்னா நீங்க எல்லாரும் முதல் குழந்தையோட நின்னுடுவீங்கக்கா. அப்புறம் அடுத்த குழந்தை எங்க போகும்?" என்று ரிஸ்வானா ஒரு தரம் விளக்கினாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. தப்பில்லாத விதிகளோடுதான் என்னால் வாழ முடிவதில்லை.

ரிஸ்வானா எங்கள் பகுதியின் களப்பணியாளர். முப்பத்து நாலு வயது. ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள். இந்தப் பதிவு எதற்கென்று எனக்கு முதலில் சொன்னவள் அவள்தான்.

"அஞ்சு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு வீடுங்கறது கண்ணுல இல்லக்கா, மூக்குல இருக்கு. புது வீட்டுல எவ்வளவு பொம்மை வாங்கிக் குவிச்சாலும் தூங்க மாட்டேங்குது. ஏன்னா அங்க யாரோட வாசனையும் இல்ல. அதனால பழைய வீட்டு வாசனையை எடுத்து, அப்படியே தயார் பண்ணி, ஒரு பெட்டியில வச்சுக் கொடுத்துடறாங்க. புது வீட்டுல தலையணைக்குப் பக்கத்துல வச்சா, பிள்ளை தூங்கறப்ப மெதுவா விடும். முதல் மாசம் முழுசா நீங்கதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உங்களைக் குறைச்சு, புது அம்மாவைக் கலக்கும். தொண்ணூறாம் நாள் நீங்க காலி."

"காலியா?"

"பூஜ்யம்கா. அதுக்குள்ள பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை ஆயிடும். பேரே 'தொடர்மணம்'னு வச்சிருக்காங்க. பேழைன்னு எழுதணும், நாங்க டப்பான்னுதான் சொல்றோம்."

"அது வரைக்கும் அந்த அம்மா வாசனை?"

"அவங்களுக்கு முதல் மாசம் வாசனையே இல்லாத சோப்பு. பவுடர், சென்ட், பூ எதுவும் கிடையாது. பாவம், மல்லாந்து படுத்துக்கிட்டு உங்க வாசனையை மோந்துக்கிட்டு இருக்கணும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

நேயாவுக்கு அது முக்கியமாக இருந்தது. என்னிடம் வருவதற்கு முன் அவளுக்கு இரண்டு வீடுகள் பார்த்து, இரண்டும் சரிவராமல் திரும்பியிருந்தாள். கரூரில் நாலு மாதம். திண்டுக்கல்லில் ஏழு வாரம். தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, எங்களைப் பார்ப்பதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது முறையும் திரும்பினால் அந்தக் குழந்தைக்கு வீடு தேடுவதை நிறுத்திவிடுவார்கள். பதினெட்டு வயதுவரை இருநூறு பிள்ளைகள் இருக்கும் பெரிய இல்லம் ஒன்றுதான். இந்தத் தடவை தூத்துக்குடியில், பேக்கரியில் வேலை செய்யும் பிரின்ஸி என்ற பெண்ணும் அவள் கணவரும் காத்திருந்தார்கள். பதினோரு வருடமாகக் காத்திருந்தவர்கள்.

பதிவு முடிந்த மூன்றாவது வாரம் நேயா போனாள். ரிஸ்வானா வந்து அழைத்துப் போனாள். நான் மாடிப்படியின் திருப்பம்வரைதான் போகலாம். அவள் அழவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. செருப்பை முன்பே போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள்.

மறுநாள் இரண்டு பேர் வந்து என் வீட்டை வெறுமையாக்கினார்கள். அடுத்த குழந்தைக்கு முந்தைய குழந்தையின் வாசனை குறுக்கே வரக் கூடாது. மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் மாறும். சுவருக்கும் அலமாரிக்கும் ஏதோ தெளிப்பார்கள். எனக்கும் இரண்டு வாரத்துக்கு அந்த வாசனையில்லாத சோப்பு. அவர்கள் போனபின் வீட்டுக்குள் நுழைந்தால் கடையில் வாங்கிய வெறும் அட்டைப்பெட்டிக்குள் நுழைவது போல இருக்கும். குழந்தையின் துணி, பொம்மை, எதையும் நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆறு முறை அந்த விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன்.

ஏழாவது முறை முடியவில்லை.

என் பழைய வாயில் புடவை ஒன்று. நைந்து, கிழித்தால் சத்தம்கூட வராத அளவுக்கு மெத்தென்று ஆனது. நேயா அதன்மேல்தான் தூங்குவாள். ஒரு முனையை விரலில் சுற்றி மூக்கில் வைத்துக்கொள்வாள். நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, மடியில் அச்சுத்தாள்களை வைத்து, பென்சிலால் பிழை திருத்தியபடி இன்னொரு கையால் தட்டிக் கொடுப்பேன். அந்தப் புடவையைத் துவைக்காமல் ஐந்து லிட்டர் குக்கருக்குள் சுருட்டி வைத்து மூடிவிட்டேன். ரப்பர் கேஸ்கட், வெயிட், எல்லாம் போட்டு. வெறுமையாக்க வந்தவர்கள் அடுப்பின்மேல் இருந்த குக்கரைத் திறந்து பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை தோறும் திறப்பேன். மூன்று மூச்சு. அதற்கு மேல் கிடையாது. திறக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் மூன்றோடு மூடிவிட்டு, கைப்பிடியைத் திருகி, கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நிற்பேன். குக்கர் பக்கத்தில் இப்படி நிற்கிற பெண்ணை யாராவது பார்த்தால் விசிலுக்குக் காத்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

நேயா போன இருபதாம் நாள் ரிஸ்வானா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் பேசவில்லை. தண்ணீர் குடித்தாள்.

"சரியில்லக்கா" என்றாள்.

"என்ன பண்றா?"

"காலையில எந்திரிச்சதும் செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் உக்காந்துக்கறா. சாயங்காலம் மறுபடி. தூக்கத்துல எந்திரிச்சாலும் செருப்புதான். அந்தப் பிரின்ஸி இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா, செருப்போடயே தோள்ல கிடக்கறா. சாப்பாடு நாலு வாய். அழவே இல்லக்கா. அழுதாக்கூடப் பரவாயில்லை. அந்தம்மா அழுவுது."

"டப்பா?"

"மூணு தரம் செக் பண்ணியாச்சு. டப்பாவுல கோளாறு இல்ல. நீங்க முழுசா வந்துக்கிட்டு இருக்கீங்க. அதுதான் யாருக்கும் புரியல." கைப்பையிலிருந்து விரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தாள். "அதுல இருக்கறதுதான் இது. நீங்களே மோந்து பாருங்க. பயப்படற மாதிரி ஏதாவது இருக்கான்னு சொல்லுங்க."

நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

"இது நான் இல்லையே" என்றேன்.

"நீங்கதான்கா. உங்க நம்பர்தான் ஒட்டியிருக்கு."

"யாரோ மாதிரி இருக்கு." மறுபடி முகர்ந்தேன். ஒரு பெரிய வரவேற்பறை. கூப்பிட்டால் எதிரொலிக்கிற மாதிரி ஒரு சுத்தம். பிறகு அது மெல்லப் பிரிந்தது. ஃபினாயில். அதன் அடியில் சாம்பிராணி. கஞ்சி போட்ட துணி, பவுடர், நெய், வாடாத மல்லிகை.

கண்ணை மூடியதும் கதவோரம் உட்கார்ந்திருந்த அவள் தெரிந்தாள். புது கவுன். நீலச் செருப்பு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கு வருவார்கள். ஒவ்வொரு முறையும் நான் வீட்டை இப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் செருப்பைப் போட்டிருக்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் பார்க்குக்குப் போலாம் என்று சொல்லியிருக்கிறேன். கரூரிலும் திண்டுக்கல்லிலும் ஆபீசர்கள் வந்து அவளைத் தூக்கிப் போன நாட்களில் அந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும்? கழுவித் துடைத்து, சாம்பிராணி போட்டுத்தான். திருப்பிக் கொடுக்கிற வீட்டுக்காரர்களும் அழுக்கு வீட்டைக் காட்ட விரும்ப மாட்டார்கள்.

அவளுக்கு அது வீட்டின் வாசனை இல்லை. ஆள் வரப்போகிறார்கள், உன்னைக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்ற வாசனை. இருபது நாளாகத் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி அதைத்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ரிஸ்வானாவிடம் சொன்னேன். அவள் குப்பியை வாங்கி மூடினாள். பிறகு, "எப்பவும் போல இருங்கன்னு சொன்னேனேக்கா" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அலுத்துப் போன குரல்.

"எப்பவும் போலத்தான் இருந்தேன். ஆள் வர்றப்ப எப்பவும் அப்படித்தான் இருப்பேன்."

"எங்க வீட்டுலயும் எங்கம்மா அப்படித்தான்" என்றாள். "இப்ப என்ன பண்றது. மறுபடி பதிவு பண்ணலாம்னா உங்க வீட்டை வெறுமை பண்ணியாச்சு. நீங்களும் அந்தச் சோப்புல இருந்திருக்கீங்க. அவ இருந்த வீடு இப்ப எங்கயும் இல்ல."

அடுப்பின்மேல் குக்கர் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன்.

"திரும்பி வந்துட்டா?" என்று கேட்டேன். "என்கிட்டயே அனுப்புவாங்களா?"

ரிஸ்வானா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லக்கா. நேரா பெரிய இல்லம்தான். நீங்க வேற எதையும் நினைச்சுக்காதீங்க." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே, "ஏதாவது துணி, கிணி இருந்தாக்கூட எடுக்கலாம். துணியிலேருந்து உருவி எடுத்துடுவாங்க. ஆனா நீங்க எதுவும் வச்சிருக்க மாட்டீங்க. உங்களை எனக்குத் தெரியும்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை.

இதை எழுதும்போது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஓடிப்போய் மாடியிலிருந்து கூப்பிட்டேன் என்று எழுதிவிடலாம். ஆனால் நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். உரிமம் போய்விடும் என்ற பயம் ஒன்று. பொருளை ஒளித்து வைத்தவருக்கு மறுபடி குழந்தை தர மாட்டார்கள். எட்டாவது குழந்தை வராது. ஒன்பதாவதும் வராது. சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் மூச்சுவிட மாட்டார்கள். அது பெரிய பயம்தான். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. உருவி எடுத்தபின் புடவையில் எதுவும் இருக்காது. என்னிடம் இருந்ததே அந்த மூன்று மூச்சுதான்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. குக்கரைத் திறந்தேன். முதல் மூச்சை உள்ளே இழுத்தபோது, அவள் இப்போது எதை முகர்ந்துகொண்டிருப்பாள் என்று தோன்றியது. இரண்டாவது மூச்சை இழுக்கவில்லை. மூடிவிட்டு ரிஸ்வானாவுக்குப் போன் செய்தேன்.

"குக்கர்லயா?" என்றாள். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. "எத்தனை லிட்டர்?"

"அஞ்சு."

"அல்லாவே" என்றாள். பிறகு, "நான் பார்க்கலன்னு எழுத முடியாதுக்கா. துணி எங்கேருந்து வந்துச்சுன்னு பாரத்துல கேக்கும்."

"எழுது."

அலுவலகத்தின் பின்கட்டில்தான் எட்வினின் ஆய்வறை. புடவையை நானே ஒரு கண்ணாடிச் சாடிக்குள் வைத்தேன். அவன் மூடியைப் பூட்டி ஏதோ வாயுவை உள்ளே விட்டான். நாற்பது நிமிடம் ஆகும் என்றான். திரையில் கோடுகள் எழும்பி எழும்பித் தாழ்ந்தன.

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும் மேடம்" என்றான் தலையைத் தூக்காமல். "நான் சின்ன வயசுலேருந்து ஹாஸ்டல்லதான். எல்லார் வீடும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

நான் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எண்ணெய் வைத்துவிடாத தலை.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"நிறைய." திரையைப் பார்த்து வாசித்தான். "தேங்காய் எண்ணெய். வெங்காயம். வலிக்குத் தடவற தைலம். புளிச்ச பால். குழந்தை ஒண்ணுக்குப் போயிருக்கு, ரெண்டு மூணு தரம். அப்புறம் மரம் மாதிரி ஏதோ ஒண்ணு. பென்சில் சீவினா வருமே, அது. நிறைய இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இது ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றான்.

நாற்பதாவது நிமிடம் புடவையை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தான். எடுத்துப் போகலாமாம், இனி அது குழந்தையின் பொருள் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் உறையைப் பிரித்து முகர்ந்தேன். புதுத்துணிக்குக்கூட ஒரு வாசனை உண்டு. இதற்கு அதுவும் இல்லை. விரலுக்கு மட்டும் மெத்தென்று இருந்தது.

ஒன்பது நாள் கழித்து ரிஸ்வானாவிடமிருந்து ஒரு வரி வந்தது. 'செருப்பைக் கழட்டிட்டா.'

தொண்ணூறு நாளும் முடிந்தது. நேயாவுக்கு நிரந்தர ஆணை கிடைத்தது. அதே வாரம் எனக்கும் ஓர் ஆணை வந்தது. அதில் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள், சிந்துஜா என்று. வழக்கமாக 'ஜா'வை விட்டுவிடுவார்கள்.

பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் யாரும் வரவில்லை. சொல்வதற்கு அதில் அதிகம் இல்லை. ஆய்வுக்கு ஆள் வராத வீட்டில் ஒட்டடை அதன்போக்கில் கட்டிக்கொள்கிறது. தரையைத் துடைத்தால் எனக்காகத்தான் துடைக்க வேண்டும். பல நாட்கள் அதற்கு நான் போதுமான ஆளாகப் படவில்லை. பாடப்புத்தகங்கள் வந்தன, திருத்தி அனுப்பினேன். பென்சில் சீவல்களைக் குப்பையில் போடாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். ரிஸ்வானா எப்போதாவது போன் செய்வாள். இப்போதெல்லாம் பதிவுக்குச் சொல்லாமல்தான் போகிறார்களாம்.

பங்குனியில் ஒரு நாள் கூப்பிட்டாள். "அக்கா, பிரின்ஸி உங்களைப் பார்க்கணுமாம். ஆணை ஆனப்புறம் அது அவங்க இஷ்டம். நான் தடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வர்றாங்க."

"எதுக்கு?"

"சொல்லல. அக்கா, ஒண்ணு."

"தெரியும்" என்றேன். "ஒண்ணும் பண்ண மாட்டேன்."

ஞாயிறு காலை எழுந்ததும் கண் நேராக மாப்புக் கட்டையிடம் போனது. சமையலறை மூலையில் வெங்காயத் தோல் கிடந்தது. கட்டில்மேல் அச்சுத்தாள்கள். முந்தின நாள் புடவை உடம்பிலேயே இருந்தது, தோளில் தைலக் கறையோடு. ஒருத்தி முதல் முறையாக என் வீட்டுக்கு வருகிறாள். நான் தரையைத் துடைக்கவில்லை. குளிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

பதினொன்றேகாலுக்குக் கதவைத் தட்டினார்கள். பிரின்ஸி உயரமாக, ஒல்லியாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நேயா. நன்றாக வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போய்விட்டாள். கடையில் பில் போடுகிற ஆளைப் பார்க்கிற பார்வை. நான் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். எதிர்பார்த்தது எந்த விதத்திலும் உதவவில்லை.

"ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு" என்றாள் பிரின்ஸி.

"வணக்கம்" என்றாள் நேயா, புடவைக்குள்ளிருந்து. செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

பேக்கரியிலிருந்து மக்ரூன் கொண்டுவந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசினோம். நேயா மெல்ல என் நாற்காலி வரை வந்தாள், மேசையில் இருந்த பென்சில்களுக்காக. எட்டி ஒன்றை எடுத்தபோது அவள் தலை என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. அப்படியே நின்றாள். மூக்கை என் தோளில் வைத்து ஒரு முறை இழுத்தாள்.

"எம்மா" என்று திரும்பினாள். "இந்த ஆன்ட்டி மேல நம்ம வீட்டு வாசனை அடிக்குது."

பிரின்ஸி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொண்ணூறாம் நாள் டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டாங்க இல்லையா" என்றேன். "பூஜ்யமாயிடும்னு சொன்னாங்க."

"இவளுக்கு ஆயிடுச்சு. இவ அன்னைக்கு ராத்திரியே கால்மேல கால் போட்டுத் தூங்குதா." பிரின்ஸி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எனக்குத்தான் ஆகல."

"உங்களுக்கா?"

"முதல்ல உங்க மேல எனக்குக் கோவமா வரும் பாத்துக்கோங்க. என் கட்டில்ல, என் பிள்ளைக்குப் பக்கத்துல, யாரோ ஒரு பொம்பளை படுத்திருக்கா மாதிரி. என் வாசனையைக் கழுவிட்டு இவ வாசனைல கிடக்கணுமான்னு. அப்புறம் அந்த ரெண்டாவது டப்பா வந்துச்சுல்லா. அது வந்ததும் இவ தூங்கினா. நானும் தூங்கினேன். பதினோரு வருஷத்துல அப்படித் தூங்கினதே இல்ல." தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள். "டப்பா போனதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லக்கா. தைலம் வாங்கித் தேய்ச்சுப் பாத்தேன். தேங்காண்ணெய் பாத்தேன். வெங்காயத்தை நறுக்கி ரூம்லயே வச்சுப் பாத்தேன், இவங்க அப்பா சிரிச்சாங்க. எல்லாம் போட்டும் என்னமோ ஒண்ணு குறையுது. பாதி வருது, பாதி வரல. அது என்னன்னு உங்ககிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். வெக்கமா இருக்கு."

"பென்சில் முனை உடைஞ்சிருக்கு" என்றாள் நேயா என்னிடம்.

பிரின்ஸியைக் கட்டிலில் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். அச்சுத்தாள்களை ஓரமாகத் தள்ளினேன். "ரயில்ல வந்த அலுப்பு இருக்கும். காபி போடறேன்" என்றேன். நேயாவின் பென்சிலை வாங்கி, கிண்ணத்தின்மேல் வைத்து, பிளேடால் மெதுவாகச் சீவினேன். சீவல் நீளமாகச் சுருண்டு விழுந்தது. "இன்னொண்ணும்" என்று அவள் அடுத்ததை நீட்டினாள். அதையும் சீவினேன். நாலாவது பென்சில் முடிந்து தலையைத் தூக்கியபோது, கட்டிலிலிருந்து ஒரு சீரான மூச்சு கேட்டது.

பிரின்ஸி சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

நேயா உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதீங்க ஆன்ட்டி. எங்கம்மா தூங்குதாங்க" என்றாள் ரகசியமாக. "வீட்டுல தூங்கவே மாட்டாங்க."

"சரி" என்றேன் நானும் ரகசியமாக.

அவள் தரையில் குப்புறப் படுத்து, ஒரு வீணான அச்சுத்தாளின் பின்பக்கத்தில் மக்ரூன் வரைய ஆரம்பித்தாள். துடைக்காத தரை. முழங்கையில் தூசி ஒட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் காபியை மறந்துவிட்டு, மூச்சுகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று நீளம். ஒன்று குட்டை, வரைகிற மும்முரத்தில் இடையிடையே நின்று நின்று வருவது.

திறந்திருந்த கதவு வழியாக வாசற்படி தெரிந்தது. அவளுடைய செருப்புகளில் ஒன்று படியில் கிடந்தது. மற்றொன்று எதிர்வீட்டு வாசல்வரை போய்க் கவிழ்ந்து கிடந்தது. நான் எழுந்து போய் அவற்றைச் சேர்த்து வைக்கவில்லை.